கோல்ட் பைதானா, ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 27-ஆ: எதை வாங்கலாம்?

டெக்சஸில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. ஊர்க் கடை ஒன்றில் இரண்டு பழைய ரிவால்வர்கள் விற்பனைக்கு இருக்கின்றன, .357 மேக்னம் என்ற வேகத் தோட்டாவைச் சுடுபவை. ஒன்று கோல்ட் (Colt) கம்பெனியின் பைதான், இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 27. இரண்டுமே 1980 வாக்கில் செய்தவை, இரண்டுக்கும் 6 அங்குல பேரல், அதாவது குழல். பைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட ஒன்றே ஒன்று வாங்கி, அதை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும், எது சிறந்தது? கேள்வி "எது சிறந்தது" என்று முடிந்தாலும், பைதானுக்கு அந்த இரட்டை விலை தகுமா என்பதைத்தான் அவர் கேட்க வருகிறார் என்று எனக்குப் படுகிறது. சுடுவதற்கு என்றால் தகாது, மாடல் 27-ஐ வாங்குங்கள். இதனால் பைதான் மட்டமான துப்பாக்கி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரிவால்வர் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். பக்கத் தகட்டைக் கழற்றிய நிலையில் இந்த இரண்டையும் மேசைமேல் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே எது எதைத் தள்ளுகிறது, எது முதலில் தேயும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். எது கைக்குச் சுகம், எது நாளைக்கு விலை ஏறும் என்பதெல்லாம் அபிப்பிராயம். அந்த இடம் வரும்போது அபிப்பிராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாடல் 27. .357 மேக்னம் என்ற தோட்டாவே இந்தத் துப்பாக்கியோடுதான் பிறந்தது. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த .38 ஸ்பெஷலின் உறையை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டினார்கள். அழுத்தம் மிகுந்த புதுத் தோட்டா தவறிப்போய் பழைய .38 ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நீளம். 158 கிரெயின், அதாவது சுமார் 10 கிராம் குண்டு, 8¾ அங்குல பேரலிலிருந்து வினாடிக்கு 1,500 அடிக்கு மேல் போனது. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கிக்கு அது பெரிய வேகம். முதல் துப்பாக்கியை எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனிடம் யானைத் தந்தப் பிடி போட்ட, 3½ அங்குல பேரல் உள்ளது ஒன்று இருந்தது. 1957-ல் கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் எண் கொடுத்தபோது இது மாடல் 27 ஆனது. இந்த வரலாற்றில் உங்களுக்குத் தேவையான விஷயம் ஃபிரேம்தான். என் ஃபிரேம் என்கிற அந்தப் பெரிய சட்டம் 1908-லேயே .44 அளவுத் தோட்டாவுக்காக உருவானது. 1950-களில் .44 மேக்னம் வந்தபோதும் அதே ஃபிரேமில்தான் அதைப் பொருத்தினார்கள். .44 மேக்னத்தைத் தாங்கும் உடம்பில் .357-ஐச் சுடும்போது இரும்புக்கு அது பெரிய பாரமே இல்லை.

பைதான் 1955-ல் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள கோல்ட் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அன்றைய விலை 125 டாலர். கோல்ட் வைத்திருந்ததிலேயே உயர்ந்த ரகமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தே செய்தார்கள். பேரலின் மேலே காற்றுத் துளை போட்ட பட்டை, கீழே வாய் வரை ஓடும் கனமான அடிக்கட்டை, ராயல் ப்ளூ என்று பெயர் வாங்கிய மெருகு. அந்த மெருகைப் பற்றி நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய பைதானை ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கருப்பு மாதிரி தெரிந்தது சட்டென்று ஆழமான நீலமாகும், பக்கத் தகடும் ஃபிரேமும் சேரும் கோடு கண்ணுக்குத் தட்டுப்படாது. ப்ளூயிங் என்பது மேலே பூசுகிற வர்ணம் இல்லை, இரும்பின் மேற்பரப்பிலேயே நடக்கும் ரசாயன மாற்றம். அதனால் அடியில் இருக்கும் இரும்பை எவ்வளவு பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினார்களோ அவ்வளவுதான் மேலே தெரியும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்தத் தொழிலாளிகளின் கைவேலைக்கும், இனி அப்படி ஒன்று வராது என்ற அருமைக்கும் போகிறது. அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் குண்டு இலக்கில் விழும் இடத்தை அது மாற்றாது.

இனி உள்ளே போவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. எந்த ரிவால்வரிலும் ட்ரிகரை இழுத்தால் 'ஹேண்ட்' என்ற சின்ன இரும்பு விரல் மேலே எழும்பி, தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் பின்புறப் பற்களில் ஒன்றைத் தள்ளும். சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுற்றும். அடியிலிருந்து ஒரு பூட்டு எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழும், தோட்டா பேரலுக்கு நேராக நிற்கும். இரண்டு கம்பெனியிலும் இதுவரை ஒன்றுதான், கோல்ட் வலப்பக்கமாகச் சுற்றும், ஸ்மித் இடப்பக்கமாகச் சுற்றும் என்பதைத் தவிர. வித்தியாசம் அடுத்த கணத்தில் வருகிறது. ஸ்மித்தில் பூட்டு விழுந்த பிறகு ஹேண்டுக்கு வேலை முடிந்தது, பல்லின் ஓரமாக நகர்ந்துவிடும். சிலிண்டர் மயிரிழை ஆடும், அது குறை இல்லை. பழைய பைதானில் ஹேண்ட் நகராது. ட்ரிகர் பின்னால் இருக்கும் வரை பல்லைத் தள்ளிக்கொண்டே, சிலிண்டரைப் பூட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் சிலிண்டர் துளியும் ஆடாது. அமெரிக்கர்கள் இதை வங்கிப் பெட்டகக் கதவு என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்ச்சியிலும் ஒரு பங்கை அந்த ஹேண்டின் நுனி வாங்கிக்கொள்கிறது. நுனி தேயத் தேய, சிலிண்டர் முழுதாகச் சுற்றி முடிவதற்குள் ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல், பின்னால் போய் நின்றுவிடும். "டைமிங் போச்சு" என்று சொல்வது இதைத்தான். முற்றிவிட்டால் தோட்டா பேரலுக்குக் கொஞ்சம் விலகி நிற்கும். குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்து வரிசையில் சுடுபவர் கன்னத்தில் பட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

இதைச் சரி செய்ய முடியும். ஹேண்டை நுணுக்கமாகத் தட்டி நீட்டலாம், அல்லது புது ஹேண்ட் போட்டு அரத்தால் தேய்த்துப் பொருத்தலாம். ஆனால் பைதானில் ஒரு பாகத்தைத் தொட்டால் மூன்று பாகத்தின் அளவு மாறும். ஹேமருக்கும் ட்ரிகருக்கும் சேர்த்து ஒரே ஒரு வி வடிவ ஸ்பிரிங். ஹேண்ட், பூட்டு, ட்ரிகர் எல்லாம் அதற்கும் நடுவிலுள்ள நெம்புகோலுக்கும் கட்டுப்பட்டவை. அந்த அமைப்பின் வேர் 1908-ல் வந்த கோல்ட் ஆர்மி ஸ்பெஷல் வரை போகிறது. கையால் பொருத்தும் தொழிலாளிகள் தொழிற்சாலை நிறைய இருந்த காலத்து வடிவமைப்பு அது. அதைச் சரியாகத் தெரிந்தவர்கள் இன்று அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் குறைவு, வரிசையில் காத்திருக்க வேண்டும், உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டும். 2020-ல் மறுபடி வந்த புதுப் பைதானின் உள் பாகங்கள் பழையதில் சேராது. மாடல் 27-ல் ட்ரிகருக்குத் தனியாகச் சுருள் ஸ்பிரிங், ஹேமருக்குத் தனியாகத் தட்டை ஸ்பிரிங். ஒரே ஃபிரேமில் மாடல் 28, 29 என்று ஏராளமாகச் செய்ததால் பழைய பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஓரளவு கைத்தேர்ச்சி உள்ள எந்தப் பட்டறையும் அதைத் திறக்கப் பயப்படாது. ஆயுசுக்கும் வைத்துச் சுட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இதுவே முடிவான காரணம்.

ட்ரிகர் இழுவை பற்றி ஊரெல்லாம் சண்டை நடக்கும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பைதானில் இழுக்க இழுக்கக் கடைசிப் பகுதியில் எடை ஏறும், அந்த வி ஸ்பிரிங்கின் இயல்பு அது. ஸ்மித்தில் இழுவை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். சிலருக்குப் பைதானின் அந்தக் கடைசி ஏற்றம், ஹேமர் விழப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதால் பிடிக்கும். எனக்கு ஸ்மித்தின் சீரான இழுவைதான் பிடிக்கும். இது அபிப்பிராயம். கடையில் அனுமதி கேட்டு, போலித் தோட்டா போட்டு இரண்டையும் இழுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

குறி நேர்த்தியில் பைதானுக்கு மவுசு அதிகம். அதன் பேரலுக்குள் சுருள் பள்ளம் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று இடப்பக்கமாகச் சுற்றும். ஸ்மித்தில் 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று, வலப்பக்கமாக. கனமான குண்டுகளுக்கு வேகமான சுற்று நல்லது என்பது கணக்குப்படி சரி. அந்தக் காலத்துப் போட்டியாளர்கள் சிலர் ஸ்மித்தின் ஃபிரேமில் பைதான் பேரலைத் திருகி "ஸ்மைத்தான்" என்று பெயர் வைத்துச் சுட்டார்கள். கோல்ட்டின் பேரல் வேண்டும், ஸ்மித்தின் இயக்கம் வேண்டும் என்று அவர்கள் நினைத்தது எனக்கு எப்போதுமே நிறையச் சொல்கிறது. ஆனால் 25 கெஜத்தில் நின்றபடி கையால் பிடித்துச் சுடுகிற உங்களுக்கும் எனக்கும் அந்த வித்தியாசம் இலக்குக் காகிதத்தில் தெரியுமா என்றால், தெரியாது என்பதே என் அனுபவம். தோட்டாப் பெட்டியை மாற்றினால் வருகிற வித்தியாசம் அதைவிடப் பெரியது.

மாடல் 27-லும் குறைகள் இருக்கின்றன. பெரிய ஃபிரேம் என்பதால் பிடி தடிமன், ட்ரிகர் வரை விரல் எட்ட வேண்டிய தூரமும் அதிகம். நம்மில் பலருக்குக் கை சின்னது; விரல் நுனிகூட ட்ரிகரைச் சரியாகத் தொடாமல் மணிக்கட்டைத் திருப்பிப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய பிடி மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும், மீதி தீராது. கையில் எடுத்து, முன்கை நேராக இருக்கும்போது விரல் நடுப்பகுதியாவது ட்ரிகரில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டுப் பைதானையே பாருங்கள், அதன் ஃபிரேம் நடுத்தர அளவு. அப்புறம் மாடல் 27-ன் சிலிண்டர் கனமானது. வேகவேகமாக, ஹேமரைக் கையால் இழுக்காமல் ட்ரிகரை மட்டும் இழுத்து, அதாவது டபுள் ஆக்‌ஷனில் சுட்டால் அந்தக் கனம் பூட்டையும் பள்ளங்களையும் மோதி மோதித் தேய்க்கும். நிதானமாகச் சுடுகிறவர்களுக்கு இது கவலை இல்லை. அந்த வருஷத்து மாடல்களில் தோட்டாவின் விளிம்பு சிலிண்டருக்குள் அமிழ்ந்து உட்காரும்படி குடைந்திருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தக் குழியில் கரி சேரும், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். மேல் பட்டையில் கண் கூசாமல் இருக்க நுண்ணிய கட்டக்கோடுகள் வெட்டியிருப்பார்கள். எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், மெருகு பைதானுக்கு ஒரு படி கீழே என்றாலும் அந்தக் கோடுகளில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எந்தப் பெயர் என்பதைவிட, அந்தக் கடையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி எப்படி இருக்கிறது என்பது முக்கியம். அதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். திறக்கும்போது ஸ்மித்தின் பொத்தானை முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும். திறந்த சிலிண்டரை மணிக்கட்டைச் சுண்டி மூடாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் அப்படி மூடியிருந்தால் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்திருக்கும். மூடும்போது கடைசியில் ஒரு பிசிறு தட்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்து டைமிங். சிலிண்டரின் மேல் ஒரு விரலை மெல்ல வைத்து லேசாகத் தடுத்தபடி, கட்டை விரலால் ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் நிற்பதற்கு முன்பே பூட்டு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று பிந்துவது சகஜம். பைதானில் இந்த ஒரு சோதனையில் தவறினாலும் விலையை எவ்வளவு குறைத்தாலும் நீங்கள் வாங்க வேண்டாம்.

ட்ரிகரைப் பின்னால் பிடித்தபடி சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். பைதான் அசையவே கூடாது, ஸ்மித் துளி அசையலாம். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் இரண்டுமே கையில் உணரும்படி நகரக் கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு வரை நல்லது, 10-ஐத் தாண்டினால் வேண்டாம். டார்ச் அடித்து பேரலின் பின்வாயில், அதாவது குண்டு நுழைகிற கூம்பில், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம். இந்த விரிசல் அதிகமாகப் பேர் வாங்கியது ஸ்மித்தின் மாடல் 19 என்ற சின்ன .357-ல்தான். அந்தச் சின்ன ஃபிரேமில் இடம் போதாமல் பேரலின் அடியைத் தட்டையாகச் சீவியிருந்தார்கள். 125 கிரெயின் வேகத் தோட்டாக்கள் அங்கேதான் உடைத்தன. உங்கள் இரண்டிலும் அந்தப் பலவீனம் இல்லை, ஆனாலும் பார்ப்பதற்கு அரை நிமிஷம்தான் ஆகும். திருகுகளின் வாய் சிதைந்திருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள். பைதானில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியோ, திருகு ஓட்டைகளின் விளிம்பு குழிந்தோ இருந்தால் பின்னால் மறுபடி ப்ளூயிங் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுடுவதற்கு அது பாதகமில்லை, ஆனால் சேகரிப்பாளர் விலை கேட்டால் கொடுக்கக் கூடாது.

புதுப் பைதான் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கோல்ட் 2020-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 1,499 டாலர் விலைக்கு மறுபடி கொண்டுவந்தது. உள்ளமைப்பை எளிதாக்கி, ஃபிரேமின் மேல் பட்டையைத் தடிமனாக்கினார்கள். முதல் சில மாதத்தில் புகார்கள் வந்தன, பிறகு அடங்கின. சுடுவதற்கு அது பழையதைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம். பழமை வேண்டாம், நடுத்தர ஃபிரேம் போதும் என்றால் ஸ்மித்தின் 686-ம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது பழசைப் பற்றி, அதனால் இதோடு விடுகிறேன். பழைய பைதான் முதலீடா என்ற கேள்விக்கும் ஒரு வரிதான்: இதுவரை விலை ஏறியிருக்கிறது, இனியும் ஏறும் என்று யார் சொன்னாலும் அது ஊகம்.

சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கேட்டவருக்கு கிரீன் கார்டு இருப்பதாக எழுதியிருக்கிறார், ஆனால் படிக்கிற பலர் எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பீர்கள். அந்த விசாக்களில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். விஷயம் குடியுரிமை வரை பாதிக்கும். கிரீன் கார்டு உள்ளவர் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். கடைக்காரரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கி வாங்கும் அன்றைக்கே பூட்டுள்ள இரும்புப் பெட்டியும் வாங்குங்கள், தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள்.

வாங்கியபின் முதல் சில மாதம் .38 ஸ்பெஷல் 158 கிரெயின் தோட்டாவையே சுடுங்கள். .357 ரிவால்வரில் அது தாராளமாகப் போகும், விலையும் உதைப்பும் குறைவு. உறை குட்டையாக இருப்பதால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். மேக்னத்துக்கு மாறும் முன் அதைப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சுட்ட உறை சிக்கிக்கொள்ளும். மேக்னத்தின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், அதனால் காதுக்குள் அடைப்பு, அதன்மேல் கவசம் என்று இரண்டும் போடுங்கள். ஒருவேளை மனசு பைதானிலேயே நிற்கிறது, டைமிங்கும் சுத்தமாக இருக்கிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒரு பெட்டி .38 சுட்டால் அது உங்களைவிட அதிக காலம் இருக்கும். வெறும் ட்ரிகரை மட்டும் போலித் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகாதீர்கள், அதன் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைக் குத்தும் ஊசி, உடையக்கூடியது. கடையில் பார்த்துவிட்டு ஆறு அறையின் டைமிங்கும் ஃபீலர் கேஜ் அளவும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.